ஆக்கியவள் பெயர் அட்டவணையில் இல்லை

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை அரசியல் அறிவியல் தேர்வுக்காக நான் எழுதிக் கொடுத்த ஒரு கேள்வியை வினாத்தாள் குழு அடித்துவிட்டது. கேள்வி இதுதான்: '1970களில் தென்கொரிய, அமெரிக்கக் கூட்டணி நீடித்ததில் முகாம் நகரப் பெண்களுக்கு என்ன பங்கு? ஏதேனும் ஒரு சர்வதேச உறவுக் கோட்பாட்டின் துணையோடு விவாதிக்க.' பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'சமூகவியல் தாளுக்கு உரியது.' அதற்குப் பதிலாக என்ன கேள்வி வந்திருக்கும் என்று இந்தப் பாடம் படித்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். 'நவயதார்த்தவாதத்தையும் ஆக்கவாதத்தையும் வேறுபடுத்துக.' பதினைந்து மதிப்பெண்.

பதினைந்து மதிப்பெண்ணுக்கு எல்லோரும் செய்வது, நடுவில் ஒரு கோடு போட்டு அட்டவணை எழுதுவது. இடப்பக்கம் ஒரு கோட்பாடு, வலப்பக்கம் அதற்கு நேர் எதிரான இன்னொன்று. நானும் மாணவியாக அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன், பிறகு அப்படித்தான் சொல்லியும் கொடுத்தேன். இந்தக் கட்டுரை அந்த அட்டவணைக்கு எதிரானது. அந்த இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன என்பது பாதி உண்மைதான். பெண்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

முதலில் இடப்பக்கம். கென்னத் வால்ட்ஸ் 1979இல் எழுதிய 'சர்வதேச அரசியல் கோட்பாடு' என்ற நூலிலிருந்து அது தொடங்குகிறது. அரசுகளுக்கு மேலே அதிகாரம் செலுத்த யாரும் இல்லை. இந்த நிலையைத்தான் அராஜகம் என்கிறார்கள். (நாம் அராஜகம் என்றால் அட்டூழியம் என்று எடுத்துக்கொள்கிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ராஜா இல்லாமை, அவ்வளவுதான். வால்ட்ஸ் சொல்வதும் அதையே.) காப்பாற்ற ஆள் இல்லாத உலகில் ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ஆகவே அரசுக்குள் யார் ஆள்கிறார்கள், என்ன நம்புகிறார்கள் என்பது பொருட்டில்லை. யாரிடம் எவ்வளவு பலம் என்பதே கேள்வி. எல்லா அரசுகளும் ஒரே வேலையைச் செய்கிற பந்துகள். சில பந்துகள் பெரியவை, சில சிறியவை.

சிறிய பந்துகளைப் பற்றி வால்ட்ஸ் அதிகம் கவலைப்படவில்லை. மலேசியாவையும் கோஸ்டா ரிக்காவையும் வைத்து உலக அரசியல் கோட்பாடு எழுதுவது நகைப்புக்குரியது என்று அதே நூலில் வெளிப்படையாகவே சொல்கிறார். அவர் சிரித்த கோஸ்டா ரிக்கா 1948இல் தன் படையையே கலைத்துவிட்டு, 1949இல் அதை அரசியல் சட்டத்திலும் எழுதிவைத்த நாடு. அமெரிக்காவின் நிழலில் இருந்ததால் முடிந்தது என்பார்கள். இருக்கட்டும். அப்படியானால் அந்த நிழலில் இருந்த மற்ற நாடுகள் ஏன் படையைக் கலைக்கவில்லை என்று கேட்டால் இடப்பக்கத்தில் பதில் இல்லை.

பலம் மட்டுமே பேசுகிறோம் என்பவர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று காரல் கோன் கேட்டு எழுதினார். 1984இல் அணு ஆயுத உத்தி வகுக்கும் அமெரிக்க நிபுணர்களின் கோடை வகுப்பில் சேர்ந்து, அவர்கள் நடுவில் இருந்து பார்த்து, 1987இல் வெளியிட்ட கட்டுரை அது. 1974இல் இந்தியா அணுகுண்டு வெடித்ததை, இந்தியா தன் கன்னிமையை இழந்துவிட்டாள் என்று ஒரு பேராசிரியர் வர்ணித்ததை அதில் பதிவு செய்கிறார். உணர்ச்சி கலக்காத அறிவியல் என்று நமக்கு விற்கப்பட்ட சரக்கின் உள்ளே இருந்தது இதுதான். கணக்குப் போடுகிற ஆண்களின் வாயில் குண்டு வெடிப்புகூட முதலிரவுப் பேச்சாகத்தான் வருகிறது.

இனி வலப்பக்கம். அங்கே என் கோபம் கூடுதல், ஏனென்றால் அங்கே எனக்கு ஆசை இருந்தது.

இந்தக் கோட்பாட்டின் ஆங்கிலப் பெயர் கன்ஸ்ட்ரக்டிவிசம். 1989இல் நிக்கோலஸ் ஓனுஃப் இந்தத் துறைக்குக் கொண்டுவந்த பெயர். தமிழில் கட்டமைப்புவாதம் என்று எழுதினால் அமைப்பியலோடு குழம்புகிறது. நான் ஆக்கவாதம் என்கிறேன். சோறு ஆக்குகிறோமே, அந்த ஆக்குதல். அரிசியும் தண்ணீரும் அடுப்பும் இருந்தாலே சோறு ஆகிவிடாது, யாரோ ஆக்க வேண்டும். உலக அரசியலும் அப்படித்தான் என்கிறார்கள் இவர்கள். 1992இல் அலெக்ஸாண்டர் வென்ட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே, அராஜகம் என்பது அரசுகள் அதை எப்படி ஆக்கிக்கொள்கின்றனவோ அதுவே என்று பொருள்படும். மேலே ராஜா இல்லை என்பதால் மட்டும் பகை பிறப்பதில்லை. ஒருவரையொருவர் என்னவாகப் பார்க்கிறோம் என்பதிலிருந்து பிறக்கிறது. அவர் தரும் உதாரணம் எளிமையானது: பிரிட்டனிடம் இருக்கும் 500 அணுகுண்டுகளைவிட வடகொரியாவிடம் இருக்கும் ஐந்து குண்டுகள் அமெரிக்காவை அதிகம் அச்சுறுத்துகின்றன. எண்ணிக்கை பயமுறுத்துவதில்லை, அர்த்தம் பயமுறுத்துகிறது.

இதைப் படித்த அன்று எனக்கு இது நம் வீட்டுப் பேச்சு என்றே தோன்றியது. பெரியார் தன் நூலுக்குப் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று தலைப்பு வைத்தார். அடிமையாக இருக்கிறாள் என்று எழுதவில்லை, ஆனாள் என்று எழுதினார். இயற்கை என்று நமக்குச் சொல்லப்பட்டதை, இது ஆக்கப்பட்டது, ஆகவே மாற்றக்கூடியது என்று திருப்பிச் சொல்லியே பெண்கள் இயக்கம் வளர்ந்தது. சிமோன் தி பொவ்வா இதை 1949இல் எழுதினார். சர்வதேச உறவுத் துறை நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தவர்கள், வழியில் யார் விளக்குப் பிடித்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்காதது மறதியால் அல்ல. வென்ட்டின் கதையில் ஆட்கள் யார் என்று பாருங்கள். முன்பின் அறிமுகமில்லாத இரண்டு பேர் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். ஒருவர் சைகை காட்டுகிறார், மற்றவர் அதற்கு அர்த்தம் கொள்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து நட்போ பகையோ ஆகிறது. இந்த இருவரும் அரசுகள். அரசும் ஓர் ஆள்தான் என்று 1999இல் வந்த பெரிய நூலில் அவர் வாதாடவே செய்கிறார். ஆனால் இந்த ஆட்களுக்குத் தாய் கிடையாது, பிள்ளைப் பருவம் கிடையாது. மனிதர்கள் காளான்போல் மண்ணிலிருந்து முளைத்து, முளைத்தபோதே முழுதாக வளர்ந்துவிட்டதாக எண்ணிப் பார்க்கச் சொன்னார் ஹாப்ஸ். வென்ட் ஹாப்ஸை மறுக்கிறேன் என்கிறார், ஆனால் காளான்களை அப்படியே வைத்துக்கொள்கிறார். அதே நூலில் அரசுகள் ஒன்றையொன்று மூன்று விதமாகப் பார்க்கலாம் என்கிறார்: பகைவன், போட்டியாளன், நண்பன். தமிழில் எழுதும்போது மூன்றும் 'ன்' விகுதியில் முடிவதை என் வகுப்பில் ஒரு மாணவிதான் முதலில் சுட்டிக்காட்டினாள். நான் அதுவரை கவனித்ததில்லை.

இனி என் அடிக்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். வடகொரியாவின் ஐந்து குண்டுகளைப் பற்றிப் பேசும் பாடத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம் நடந்ததைப் பேச இடம் இருக்க வேண்டும்.

கொரியப் போர் 1953இல் நின்றது. அமெரிக்கப் படை தென்கொரியாவில் தங்கிவிட்டது. படை முகாம்களைச் சுற்றி மதுக்கூடங்களும் விடுதிகளும் கொண்ட முகாம் நகரங்கள் வளர்ந்தன. வறுமையால் வந்தவர்களும், தரகர்கள் ஏமாற்றிக் கொண்டுவந்தவர்களுமாகப் பெண்கள் அங்கே கடனில் சிக்கிக் கிடந்தார்கள். 1969இல் நிக்சன், ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். 1971க்குள் சுமார் 20,000 அமெரிக்கப் படையினர் கொரியாவை விட்டுப் போனார்கள். பார்க் சுங் ஹீயின் அரசு நடுங்கியது. மீதிப் படையும் போய்விட்டால்?

படை அதிகாரிகளிடம் இரண்டு முறைப்பாடுகள் இருந்தன. சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் பரவுகிறது. மதுக்கூடங்களில் கறுப்பினச் சிப்பாய்கள் ஒதுக்கப்படுகிறார்கள். இரண்டையும் சரிசெய்யத் தென்கொரிய அரசு 1971 முதல் 1976 வரை ஒரு 'தூய்மை இயக்கம்' நடத்தியது. தூய்மையாக்கப்பட்டது பெண்களின் உடல். அவர்கள் பெயர்கள் பதிவாயின, அட்டைகள் தரப்பட்டன, குறித்த நாளில் பரிசோதனை கட்டாயமானது. நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் சன்னலில் கம்பி போட்ட விடுதிகளில் அடைக்கப்பட்டு பெனிசிலின் ஏற்றப்பட்டார்கள். அந்த இடத்துக்கு மக்கள் வைத்த பெயர் குரங்கு வீடு. அதிகாரிகள் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள்: நீங்கள் டாலர் ஈட்டித் தரும் தேசபக்தர்கள், நாட்டின் தூதர்கள், எல்லாச் சிப்பாய்களையும் நிறம் பார்க்காமல் உபசரியுங்கள். அதே பெண்ணை ஊர் 'மேற்கத்திய இளவரசி' என்று இழிவாக அழைத்தது.

காதரின் மூன் இதை 1997இல் ஒரு நூலாக எழுதினார். இது இரண்டு நாடுகளின் வெளியுறவுக் கொள்கை என்று காட்டினார். வெளியுறவுக் கொள்கையின் பக்க விளைவு என்று அவர் சொல்லவில்லை, கொள்கையே இது என்றார்.

இப்போது அட்டவணையை எடுங்கள். இடப்பக்கம் சொல்லும்: கைவிடப்படுவோமோ என்று அஞ்சிய சிறிய நாடு, பெரிய நாட்டைப் பிடித்து வைக்க முயன்றது. சரி. எப்படிப் பிடித்து வைத்தது என்று கேட்டால் அது மௌனம் சாதிக்கும், ஏனென்றால் அதன் பார்வையில் பந்துக்கு உள்பக்கம் கிடையாது. வலப்பக்கம் சொல்லும்: நட்பு நாடு என்ற அடையாளத்தை இரு அரசுகளும் மீண்டும் மீண்டும் உருவாக்கிக்கொண்டன. அதுவும் சரி. ஆனால் எங்கே? மாநாட்டு மேசையிலா? அந்த நட்பு பரிசோதனைக் கட்டிலில் ஆக்கப்பட்டது, மதுக்கூடத்து நாற்காலியில் ஆக்கப்பட்டது. ஒரே பெண் காலையில் தேசபக்தர், மாலையில் இழிசொல். அர்த்தம்தான் உலகை ஆக்குகிறது என்று சொல்லும் கோட்பாட்டுக்கு இதைவிடக் கூர்மையான சான்று எங்கே கிடைக்கும்? இருந்தும் அந்தப் பாடத்திட்டத்தில் அவள் இல்லை. ஆக்கியது அரசு என்று எழுதிவிட்டு, அடுப்படியைப் பூட்டிவிட்டார்கள்.

உடனே ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். ஆக்கவாதிகள் பெண்களைப் பற்றி எழுதவில்லையா? எழுதியிருக்கிறார்கள். மார்த்தா ஃபின்னமோரும் காத்ரின் சிக்கிங்கும் 1998இல் உலக நெறிகள் எப்படிப் பிறந்து பரவுகின்றன என்று எழுதிய கட்டுரையில் பெண்கள் வாக்குரிமை ஒரு முக்கியச் சான்று. நல்ல கட்டுரை. நான் கற்பிக்கிறேன். ஆனால் அங்கே பெண் சான்றாக வருகிறாள். நெறி என்ற ஒன்று இயங்கும் விதத்தைக் காட்ட வாக்குரிமை உதவுகிறது, வாக்குரிமைக்குப் பதிலாக வேறொன்றை வைத்தாலும் அந்த வாதம் நிற்கும். ஆண், பெண் என்ற பாகுபாடே அரசு, பாதுகாப்பு, வீரம், காவல் என்ற சொற்களுக்கு உள்ளிருந்து வேலை செய்கிறது என்று ஆன் டிக்னரும் சிந்தியா என்லோவும் 1980களின் இறுதியிலிருந்து சொல்லிவருவது வேறு. அதை ஏற்றால் கோட்பாட்டையே திருப்பி எழுத வேண்டும். சான்றைச் சேர்த்துக்கொள்வது சுலபம்.

அப்படித் திருப்பி எழுதியவர்கள் இல்லாமலும் இல்லை. வென்ட்டின் நூல் வந்த அதே 1999இல் எலிசபெத் ப்ரூகலின் ஒரு நூலும் வந்தது. அதுவும் ஆக்கவாத நூல்தான். அவர் எடுத்துக்கொண்டது வீட்டிலிருந்தே கூலிக்கு வேலை செய்யும் பெண்களை. இவள் தொழிலாளியா, ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் குடும்பத்தலைவியா என்ற விவாதம் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் சர்வதேச அரங்குகளில் எப்படி நடந்தது என்று எழுதினார். அந்த விவாதத்தின் ஒரு முடிவு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றிய 177ஆம் உடன்படிக்கை. அதற்காக உழைத்தவர்களில் அகமதாபாத்தில் 1972இல் தொடங்கிய சேவா சங்கத்துப் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். இந்தியா அதற்கு இன்றுவரை ஏற்பளிக்கவில்லை. தென்காசிப் பக்கம் மடியில் சுளகை வைத்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்ணின் பேத்தி என் வகுப்பில் உட்கார்ந்து, உலக அரசியல் என்றால் ஏவுகணை என்று எழுதுகிறாள். அவள் ஆச்சியின் சுளகு ஜெனிவா வரை போன கதையை அவளிடம் யாரும் சொல்லவில்லை. வென்ட்டின் நூல் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. ப்ரூகலின் நூலை நான் கேட்ட மூன்று நூலகங்களிலும் காணவில்லை.

ஆக்கவாதத்தைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறிப்பாக மாணவிகளுக்குச் சொல்கிறேன்: வால்ட்ஸ் நமக்குக் கதவையே திறக்கவில்லை, வென்ட் திறந்தார். வாசற்படியில் நின்றுகொண்டு இதுதான் வீடு என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இது ஆக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். யார் ஆக்கினார்கள், யார் உடம்பை வைத்து ஆக்கினார்கள், கணக்கில் யார் பெயரில் எழுதினார்கள்?

முகாம் நகரப் பெண்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவர்களுக்குக் கோட்பாடு யாரும் கற்றுத் தரவில்லை. 2014இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து தங்கள் அரசின்மீதே வழக்குத் தொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம், அந்த முகாம் நகரங்களை நடத்தியதற்கும் பெண்களை அந்தத் தொழிலில் ஊக்குவித்ததற்கும் அரசே பொறுப்பு, இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்குள் வழக்குத் தொடுத்தவர்களில் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தப் பருவத்துக்கும் வினாத்தாளுக்குக் கேள்விகள் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அதே கேள்வியைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை தீர்ப்பின் ஆண்டையும் சேர்த்து.