மிதிவண்டிக்கு வந்த தானியங்கி

மிதிவண்டி எளியோரின் ஊர்தி. செல்வத்தின் சின்னமாகக் கருதப்படும் ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் மகிழுந்து நிறுவனம், தானே கியர் மாற்றிக்கொள்ளும் மிதிவண்டியைத் தன் பெயரில் விற்றதுண்டு என்றால் நம்மில் பலர் நகைப்பர். நகைக்கும் முன் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

1886ஆம் ஆண்டு கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டி, மிதிவண்டியைப் போன்றே கம்பிச் சக்கரங்களும் சங்கிலியும் கொண்டது. ஆகவே இது, பிள்ளை தாய்வீடு திரும்பிய கதையே.

கியர் சோம்பலின் துணை என்போர் அன்றும் இருந்தனர். பிரான்சில் 1903இல் ‘தூர் த பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு, மாறும் கியர் 45 வயது கடந்தோர்க்கே உரியது எனக் கருதினார். அப்பந்தயத்தில் வீரர் அனைவருக்கும் கியர்மாற்றி அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். இன்றோ அஃதின்றி அங்கு மலையேறுவார் எவருமிலர்.

தானியங்கி அதன் அடுத்த படி. சக்கரத்தின் வேகத்தை உணர்கருவி அளக்கிறது. சிறு மோட்டார் கியரை மாற்றுகிறது. மிதிப்பதோ மனிதக் காலே! உழைப்பை ஒழிப்பது வேறு; உழைப்போரின் வருத்தத்தைக் குறைப்பது வேறு.

எனவே கருவியை நாம் பழிக்கவில்லை. அது செல்வர்தம் அணிகலனாக நின்றுவிடுவதையே குறை என்கிறோம். முழங்கால் தளர்ந்த முதியவர் ஒருவர், தம் வருவாய்க்குள் அதனை வாங்கி ஏற்றம் ஏறும் நாளே அறிவியலுக்குப் பெருமை சேர்க்கும் நாளாகும்.