பொற்காசும் ஈயக்காசும்

2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருவானைக்கா சம்புகேசுவரர் கோயில் நிலத்தை வெட்டியபோது, ஏழடி ஆழத்தில் ஒரு பித்தளைப் பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 பொற்காசுகள். எடை 1.716 கிலோ என்றார்கள். கேட்டவரெல்லாம் மனத்துள் விலை போட்டார்கள். அக்காசுகளில் அரபு எழுத்துகள் இருந்தனவே, அவை சிவன் கோயில் மண்ணுக்குள் எவ்வழியே வந்தன என்று வினவியவர் எத்தனை பேர்?

பொன்னில் மயங்கும் கண்ணுக்கு ஈயம் தெரிவதில்லை. நமது மலாக்காவிலேயே, ஆற்றின் கழிமுகத்தருகே, 1900இல் பழங்காசுகள் அகப்பட்டன. சிங்கப்பூர் இராபிள்சு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆனிட்சு என்பார் 1903இல் அவற்றைப் பற்றி எழுதினார். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் வெளியிட்ட வெள்ளீயக் காசுகள் அவை. கறுத்தவை, விளிம்பு சிதைந்தவை. உருக்கினால் ஒரு குவளைக் காப்பிக்கும் காணாது.

ஆயினும் நம் கதை அந்த ஈயத்தில்தான் ஒட்டியிருக்கிறது. அக்காசு புழங்கத் தொடங்கிய நாளில் மலாக்காச் சந்தையின் பெருவணிகர் நைனா சத்து. சோழமண்டலக் கரை வணிகர் குழுவைச் சேர்ந்த இந்து. சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு அவர் உதவினார். அல்புகர்க்கு அவரைப் பெண்டகாரா ஆக்கினான். 1514இல் அப்பதவி பறிபோனபோது அவர் தாமே தீப்புகுந்து மாண்டார் என்று போர்த்துகீசிய ஆசிரியர் எழுதிவைத்தனர்.

இவரை நம் மேடைகள் மறந்ததேன்? அன்னியருக்குத் துணைபோனவர் என்ற கூச்சமே காரணம் என்பேன். ஆகவே 1025இல் கடாரம் வென்ற இராசேந்திரனிடம் ஓடுகிறோம். அங்கிருந்து ஒரே தாவலில் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்து விழுகிறோம். இடைப்பட்ட எண்ணூறு ஆண்டுகளும் மாணவனுக்கு வெற்றுத்தாள்! வெற்றிக்கதையே இளைஞருக்கு ஊக்கம் தரும் என்பாரும் உளர். அப்படியானால் கடன் கொடுத்தவரும், சரக்கு நிறுத்தவரும், பக்கம் மாறியவரும் யாருடைய முன்னோர்? தமிழ் பேசத் தெரியவில்லை என்று நாம் எள்ளி நகைக்கும் காஜா பெராங்குச் செட்டிமாரைக் கேட்டால், அவர்கள் வெட்கமின்றி விடை சொல்வார்கள்.

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின்றன. மண்வாரி புரட்டிய மண்ணில் கறுத்த ஈயத்துண்டொன்று கண்ணிற்பட்டால் செய்ய வேண்டியதை எந்த வகுப்பில் சொல்லித் தந்தோம்? புளியிட்டுத் துலக்கலாகாது, தேய்த்தால் எழுத்தும் போய்விடும். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி மாவட்ட அதிகாரிக்கு உடனே அறிவிக்க வேண்டும்.