கட்டிடம் இடிந்தால் விசாரணை ஆணையம்... அறிக்கை வந்த பிறகு திட்டத் துறை என்ன செய்கிறது?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈசிஆரில் தெற்கே வந்து, ஆரோவில் சாலையில் திரும்பினால் குயிலாப்பாளையம். ஓட்டு வீடாக இருந்தது மாடி வீடாகும். மாடி வீடு கெஸ்ட் ஹவுஸ் ஆகும். மேலே ஒரு கஃபே வரும். இந்த ஊரில் ஒரு மாடி ஏற்றினாலும், சென்னையில் 11 மாடி கட்டினாலும் அடிப்படைச் சட்டம் ஒன்றுதான்: தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971. சென்னைப் பெருநகரில் அனுமதி தருவது சிஎம்டிஏ. மற்ற ஊர்களில் டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம், சிறிய கட்டிடம் என்றால் உள்ளாட்சி அமைப்பு.

அனுமதி கொடுத்த கட்டிடமே விழுந்தால் யார் பதில் சொல்வது? 2014 ஜூன் 28-ல் அந்தக் கேள்வி வந்தது. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு சனிக்கிழமை மாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டிடத் தொழிலாளர்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்றுகூட கட்டியவர்கள் தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற நீதிபதி ரெகுபதி தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2015-ல் அதன் அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. பழி கட்டுமான நிறுவனத்தின் பக்கம் விழுந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரமும் ஆபத்து என்று 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சில நொடிகளில் முடிந்த அந்தக் காட்சியை டிவியில் பார்த்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அறிக்கை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

சரி, அனுமதி கொடுத்த அலுவலகத்தின் நிலைப்பாடு என்ன? அதைத் தெரிந்துகொள்ள ஆணைய அறிக்கையைத் தேட வேண்டாம். சிஎம்டிஏ தரும் திட்ட அனுமதிக் கடிதத்தைப் படித்தாலே போதும். நிலப் பயன்பாடு, சாலை அகலம், சுற்றி விடும் இடம், உயரம், தளப்பரப்பு ஆகியவற்றை மட்டுமே துறை பார்க்கிறது. கட்டிடத்தின் உறுதி உள்ளாட்சி அமைப்பின் வரம்பில் வருகிறது. அதை உறுதி செய்ய வேண்டியது கட்டுபவரும், வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளரும்தான். இந்தக் கருத்து அந்தக் கடிதங்களில் நிபந்தனையாகவே இருக்கும்.

சட்டப்படி இது தப்பில்லை. ஆனால் வீடு வாங்குகிறவர் பார்ப்பது அந்த நிபந்தனையை இல்லை, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘சிஎம்டிஏ அப்ரூவ்டு’ என்ற வார்த்தையை. 20 வருஷ லோனுக்குக் கையெழுத்துப் போடும் ஐடி ஊழியருக்கு, அரசு முத்திரை என்றால் பில்லருக்கும் சேர்த்துத்தான். துறைக்கு அது வரைபடத்துக்கு மட்டும். இந்த இடைவெளியில்தான் மௌலிவாக்கம் நடந்தது.

இதற்கு ஒரு பதில் விதிகளில் வந்தது என்று சொல்லலாம். 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் மாநிலம் முழுவதற்கும் வந்தன. கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் எல்லாரும் பதிவு செய்திருக்க வேண்டும். அடித்தள மட்டம் வந்ததும் சான்று பெற்றுத்தான் மேலே போக வேண்டும். கடைசியில் பணி நிறைவுச் சான்று. பேப்பரில் பார்த்தால் நல்ல விதிகள். விபத்துக்கும் விதிக்கும் நடுவே நாலரை வருஷம்.

ஆணையம் என்ன சொன்னது, அரசு எதை ஏற்றது, எதைச் செய்து முடித்தது என்பதை மக்கள் எங்கே பார்ப்பது? 1952-ம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அறிக்கை கைக்கு வந்த 6 மாதத்துக்குள், அதன் மீது எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு சேர்த்து அதை சட்டமன்றத்தில் வைத்தாக வேண்டும். ஆனால் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. குறிப்பு வைத்த பிறகு அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்ன ஆனது என்று சொல்லச் சொல்லி அந்தச் சட்டம் கேட்பதில்லை. அங்கேயே நூல் அறுந்துவிடுகிறது.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. லண்டனில் 2009-ல் லகானல் ஹவுஸ் அடுக்குமாடியில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். தீ பாதுகாப்பு வழிகாட்டியைத் திருத்துங்கள் என்று 2013-ல் மரண விசாரணை அதிகாரி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினார். திருத்துவோம் என்று பதில் போனது. திருத்தம் வரவில்லை. 2017 ஜூன் 14-ல் அதே நகரில் கிரென்ஃபெல் டவர் எரிந்தது. 72 பேர் இறந்தார்கள்.

கிரென்ஃபெல் விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வந்தபோது, கட்டிட விதிகளுக்குப் பொறுப்பான அந்த அமைச்சகத்தையே நேரடியாகக் குற்றம்சாட்டியது. வெளிச்சுவர்ப் பலகைகளின் ஆபத்து பல வருஷமாகத் தெரிந்தும் சும்மா இருந்தது என்றது. 2025 பிப்ரவரியில் அரசு பதில் தந்தது. 58 பரிந்துரைகளில் 49 முழுசாக ஏற்பு. மீதி 9 ‘கொள்கை அளவில்’ ஏற்பு.

அந்தக் ‘கொள்கை அளவில்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்கணும். கட்டுமானத்துக்கு ஒரே ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்றது அறிக்கை. சரி என்றது அரசு, ஆனால் பொருட்களைச் சோதித்துச் சான்று தரும் வேலையை அதனிடம் கொடுக்க மாட்டோம் என்றும் சொன்னது. அலுவலகத் தமிழில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்போமே, அதற்கு ஒரு படி மேல். என்றாலும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் தனித்தனியாக, எழுத்தில், எவரும் படிக்கும்படி பதில் இருக்கிறது. விசாரணைப் பரிந்துரைகளின் நிலை என்ன என்று காட்டும் பொதுப் பதிவேட்டுக்கும் அரசு ஒப்புக்கொண்டது. ஏமாற்றினாலும் எந்த வரியில் ஏமாற்றினார்கள் என்று கைவைத்துக் காட்டலாம்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு பதிவேடு தொடங்க புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை இணையதளத்தில் ஒரு பக்கம் போதும்: பரிந்துரை, ஏற்றதா இல்லையா, எந்த அரசாணை, எந்தத் தேதி.

அதுவரை குயிலாப்பாளையத்தில் மாடி ஏற்றுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரி 2019 விதிகளிலேயே இருக்கிறது. பணி நிறைவுச் சான்று எல்லா கட்டிடத்துக்கும் கிடையாது. 12 மீட்டர் உயரத்துக்குள், 3 குடியிருப்புகளுக்குள் அடங்கும் சிறிய வீடுகளுக்கு அன்றே விலக்கு கொடுத்துவிட்டார்கள். அந்த வீடுகளின் பில்லரைக் கடைசியாக ஒருமுறை வந்து பார்க்க வேண்டிய அதிகாரி யாரும் இல்லை.