‘ஃபோர்க் பண்ணிக்கங்க’ என்று சொல்லாதீர்கள்

ஐந்து ஆண்டுகளாக நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சின்னச் செயலியை வளர்த்துவருகிறோம். கல்வி உதவித்தொகைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி எது என்பதைப் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழில் சொல்லும் செயலி. கட்டற்ற மென்பொருள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் கிட்ஹப்பில் அது இருப்பது ஒரு தோழரின் சொந்தக் கணக்கில். முகவரியில் முதலில் அவர் பெயர், அப்புறம்தான் செயலியின் பெயர்.

சென்ற ஆண்டு விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டது. விடுதியில் தங்கிப் படிக்கும் தலித் மாணவி ஒருவர் அன்றிரவே கோடைத் திருத்தி அனுப்பினார். இந்தச் செயலியைப் பயன்படுத்தி உதவித்தொகை வாங்கி, பிறகு இதற்கே கோடு எழுத வந்தவர் அவர். திருத்தத்தை ஏற்கும் பொத்தான் தோழரிடம் மட்டுமே இருந்தது. அவரோ வேலை மாறி, வீடு மாறி அலைந்துகொண்டிருந்தார். பதினாறு நாள் எங்கள் செயலி ‘தேதி முடிந்துவிட்டது’ என்றே காட்டியது. அதை நம்பி எத்தனை பேர் விண்ணப்பிக்காமல் விட்டார்களோ, எங்களிடம் கணக்கில்லை.

திட்டத்தைப் பொதுக்கணக்குக்கு மாற்றலாம் என்று கேட்டோம். வந்த பதில்: “கோடு எல்லாருக்கும் திறந்துதானே தோழர் இருக்கு? வேணும்னா ஃபோர்க் பண்ணிக்கங்க.”

இந்தப் பதிலைத்தான் நான் எதிர்க்கிறேன். உரிமம் நமக்குக் கோட்டின் நகலைத் தருகிறது. பெயரையும் முகவரியையும் தருவதில்லை. மாணவர்கள் வந்து சேர்வது அந்தப் பழைய முகவரிக்குத்தான். ஐந்தாண்டு உரையாடலும் பிழைப்பட்டியலும் அங்கேதான் கிடக்கின்றன. ஏழு பேர் உழைத்துச் சேர்த்ததை ஒருவரிடம் விட்டுவிட்டு, ஆறு பேர் வெறுங்கையோடு வெளியேறுவதற்குப் பெயர் சுதந்திரமா?

பொதுக்குளங்களைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924இல் அதை ஏற்றது. காகிதத்தில் சவதார் குளம் திறந்துவிட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய்த்தான் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது தண்ணீரை மட்டுமா? சம உரிமையை. தண்ணீர்தானே பிரச்சினை, தனிக்கிணறு வெட்டிக்கொள்ளுங்கள் என்ற பதிலை நம் ஊர்ச் சேரிகள் இன்றும் கேட்கின்றன. ஒரு செயலியையும் குடிநீர் மறுப்பையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் ‘திறந்திருக்கிறது’ என்று எழுதி வைப்பது வேறு, உள்ளே சம உரிமையோடு நிற்பது வேறு. இதை நமக்கு மகாத் கற்றுக்கொடுத்திருக்கிறது.

‘தோழர் நல்லவராச்சே’ என்கிறார்கள். நல்லவர்தான், எனக்கும் நண்பர். மென்பொருள் உலகில் இதற்கொரு பட்டமே இருக்கிறது: ‘ஆயுட்காலக் கருணைமிகு சர்வாதிகாரி’. நகைச்சுவையாகச் சூட்டிய பெயர்தான். ஆனால் தனிமனித பக்தி அரசியலில் சர்வாதிகாரத்துக்கு இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரின் வழியில் வந்த நாம் அதற்குச் சிரிக்க முடியாது. அந்தப் பட்டத்துக்கு உரியவரான பைத்தான் மொழியின் கீடோ வான் ராசம்கூட 2018இல் பொறுப்பிலிருந்து விலகினார். பங்களிப்பாளர்கள் விவாதித்து, 2019இல் ஐவர் குழுவை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியும் வைத்தார்கள். நல்ல மனதை நம்பி விட்டுவிடாமல், விதி எழுதினார்கள்.

‘பாதுகாப்பு என்னாவது? எக்ஸ்இசட் கதை தெரியாதா?’ என்பது அடுத்த கேள்வி. தெரியும். 2024இல் அந்த மென்பொருளுக்குள் கள்ளக்கதவு வைத்தவர், ஈராண்டுக்கு மேல் நல்ல பங்களிப்பாளராக நடித்துப் பொறுப்புக்கு வந்தவர். ஆனால் அவர் நுழைந்த வழி எது? தனியொருவராகச் சுமந்து களைத்துப்போன ஒரு தன்னார்வலர். ‘வேறு ஆளைச் சேருங்கள்’ என்று அவரை நெருக்கிய முகம் தெரியாத கணக்குகள். ஒருவரையொருவர் சரிபார்க்கும் நாலு பேர் முன்பே இருந்திருந்தால் அந்த நெருக்கடி அவ்வளவு எளிதாக வேலை செய்திருக்காது.

பொதுக்கணக்கு என்றால் ஒரே கடவுச்சொல்லை ஏழு பேரும் வாட்ஸ்அப்பில் பகிர்வது என்று எண்ண வேண்டாம். அதைக் கிட்ஹப் விதிகளே அனுமதிப்பதில்லை. அமைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அவரவர் சொந்தக் கணக்கோடு அதில் சேர வேண்டும். குறைந்தது இரண்டு பேராவது உரிமையாளராக இருக்க வேண்டும். திட்டத்தை அங்கே மாற்றினால் பிழைப்பட்டியலும் நட்சத்திரங்களும் கூடவே வரும். பழைய முகவரிக்கு வருவோரைக் கிட்ஹப் புதிய இடத்துக்குத் தானே அனுப்பிவிடும். சில நிமிட வேலை. இணையப் பெயர், சர்வர், பிளே ஸ்டோர் கணக்கு ஆகியவற்றின் சாவிகளும் பொதுவுக்கு வர வேண்டும். கோட்டை மட்டும் கொடுத்துவிட்டு இவற்றைப் பிடித்துவைத்தால் எதையும் கொடுத்ததாகாது.

இன்னொன்று. உரிமையாளர்கள் மூன்று பேரும் ஒரே கல்லூரி, ஒரே சாதி வட்டம் என்றால், பொதுக்கணக்கும் புது அக்கிரகாரம்தான். மொழிபெயர்த்தவர், பிழை கண்டவர், களத்தில் சோதித்தவர் எல்லோரையும் ‘உதவியவர்கள்’ பட்டியலில் போட்டு நன்றி சொல்வது நமக்குப் பழக்கம். நன்றி போதாது தோழர்களே, சாவி வேண்டும்.

எழுதுவதற்கு முன் என் வீட்டைப் பார்த்தேன். நாலு பேர் உழைத்த ஒரு திட்டம் என் பெயரிலும் கிடந்தது. கைவிட மனம் வரவில்லை. என் பெயர் முன்னால் இருப்பது எனக்கும் பிடித்திருந்தது. போன வாரம் மாற்றிவிட்டேன். இப்போது அதன் மூன்று உரிமையாளர்களில் ஒருவர், அன்றிரவு தேதியைத் திருத்தி அனுப்பிய அந்த மாணவி.

அடுத்த உதவித்தொகை அறிவிப்பு வருவதற்குள் எங்கள் செயலியும் மாற வேண்டும். தோழர், பொத்தான் உங்களிடம்தான் இருக்கிறது. அழுத்துங்கள்.