டென்ட் அடிக்க முன்னம்

ஓகஸ்ட் லீவு வந்தாலே திருகோணமலையில் கச்சான் காத்து முகத்தில் நெருப்பாக அடிக்கும். உடனே ‘அப்புத்தளைக்கு டென்ட் அடிக்கப் போவம்’ என்று வட்ஸ்அப்பில் கதை தொடங்கும். காலம் பிழையில்லை. எங்களைக் காயவைக்கிற அதே கச்சான்தான் ஊவா மலையிலும் வறண்டு வீசி, ஜூலை முதல் செப்டெம்பர் வரை தேயிலைக்குத் தனி மணம் குடுக்குது. மார்கழியில் போனால்தான் வில்லங்கம். இங்க கொட்டுகிற வாடை மழை அங்கேயும் கொட்டும்.

பிழை, இடம் தெரிவு செய்யிறதில். நாங்க பார்க்கிறது போட்டோவுக்கு வியூ எப்படி என்று மட்டும்தான். லிப்டன் சீட்டிலிருந்து தெரிகிற அந்தப் பச்சைக்குள் லயங்கள் இருக்கு. 200 வருசமாகியும் சொந்தக் காணி கிடைக்காத சனம் இருக்கு. பல தோட்டங்களில் மேலே ஓடுகிற ஓடைதான் கீழே லயத்துக்குக் குடிதண்ணி. அதுக்குப் பக்கத்தில் நாங்க கழிப்பிடக் குழி தோண்டலாமா?

சரிவும் விளையாட்டில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடினது.

ஆகவே புக் பண்ண முன்னம் மூண்டு கேள்வி கேப்பம்: காணி ஆற்ற? கழிவுத்தண்ணி எங்க போகுது? எங்கட காசு ஆருக்குப் போகுது? தோட்டத்துப் பிள்ளைகளே நடத்துகிற இடம் கிடைச்சால், வியூ கொஞ்சம் குறைஞ்சாலும் அங்கதான் போகவேணும்.

நிலாவெளிக் கடற்கரையில் வெளியூர்க்காரர் போத்தலை எறிஞ்சிட்டுப் போனால் எங்களுக்கு எப்படிக் கொதிக்குது? மலையில் நாங்கதான் வெளியூர்க்காரர்.