காய்ச்சல் வந்த நாளை எழுதி வையுங்கள்

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் தொற்று 36,000-ஐத் தாண்டியது. அந்த மே 24 முதல் தளர்வுகள் இல்லாத முழு ஊரடங்கு இருந்தது. காய்கறி வண்டி தெருவுக்கே வந்தது. மாஸ்க், சோப்பு, இடைவெளி எல்லாம் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும், அதை மறுபடி எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கவில்லை. அத்தனையும் செய்தும் கொரோனா வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இந்த வாரம்.

டாக்டருக்கு போன் போட்டால் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இன்னைக்கு எத்தனாவது நாள்?" பலர் ரிசல்ட் வந்த தேதியில் இருந்து எண்ணிச் சொல்கிறார்கள். அப்படி எண்ணக் கூடாது. தொண்டை கரகரத்த நாள், உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல வலித்த நாள், அதுதான் முதல் நாள். மூன்று நாள் பாராசிட்டமாலில் ஓட்டி, நான்காம் நாள் டெஸ்ட் கொடுத்து, இரண்டு நாள் கழித்து பாசிட்டிவ் என்று வந்தால், அன்றைக்கு அவருக்கு ஆறாவது நாள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பலருக்கு முதல் நான்கைந்து நாள் வெறும் ஜுரமும் இருமலும்தான். நுரையீரல் பாதிப்பு தீவிரமாவது பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள். "அப்பாடா, காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீடே நிம்மதியாகும் நேரமும் அதுவாக இருக்கலாம்.

இன்னொரு சிக்கல், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் சிலருக்கு மூச்சு வாங்குவதே இல்லை. நன்றாகப் பேசுவார், டி.வி பார்ப்பார், காபி கேட்பார். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 88 காட்டும். அதனால் மூச்சுத்திணறல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். நெயில் பாலிஷ், மருதாணி இல்லாத விரலில், கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுத்துப் பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது 94-க்குக் குறையவில்லை என்றால், வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். 94-க்குக் கீழே போனாலோ, முதலில் இருந்ததைவிட மூன்று புள்ளி குறைந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே அளவு குறைவாக இருப்பவரையும், மூச்சு வாங்குபவரையும் நடக்க விடாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான். 108 வரும்வரை குப்புறப் படுக்க வைத்தால் ஆக்ஸிஜன் அளவு கொஞ்சம் ஏறும். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம்.

ஒரு நோட்டில் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும், முதல் அறிகுறி வந்த தேதியையும் எழுதுங்கள். காலை, மதியம், இரவு ஆக்ஸிஜன், ஜுரம், சர்க்கரை இருப்பவர் என்றால் அதன் அளவு. சில வீடுகளில் இந்த நோட்டில் தாத்தா இருப்பார், அப்பா இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள். எழுதுகிறவரின் பெயர் மட்டும் இருக்காது. மூன்று பேருக்குக் கஞ்சி வைத்து, ஆவி பிடிக்கத் தண்ணீர் கொதிக்க வைத்து, பாத்திரம் தேய்க்கும் அந்த அம்மாவுக்கும் தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. "எனக்கு ஒண்ணுமில்ல, அசதிதான்" என்பார். அவருக்கு எட்டாம் நாள் என்பது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரியவரும். கணவன்மார்களே, பிள்ளைகளே, அவர் விரலிலும் அந்த மெஷினை மாட்டுங்கள். அடுப்படியை யாராவது ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பு கூடக்குறைய இருந்தால் குடிமுழுகிப் போய்விடாது.

மருந்து விஷயத்தில் ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த சீட்டை போட்டோ எடுத்து, அதே ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். 2020 ஜூனில் வெளியான இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வில், ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைத்தான் டெக்ஸாமெத்தசோன் காத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. சர்க்கரை இருப்பவர்களுக்கு அளவை எகிறவைத்து, கறுப்புப் பூஞ்சைக்கும் அது வழிவிடும். ரெம்டெசிவிருக்காக கீழ்ப்பாக்கத்தில் வெயிலில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தபோது மனசு பதறியது. உயிரிழப்பைக் குறைப்பதாகப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொன்ன மருந்து அது. கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் குடியுங்கள். குடித்தாயிற்றே என்று அளவு பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

நோயாளி இருக்கும் அறையில் ஏ.சி வேண்டாம், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். உள்ளே போகும்போது இரண்டு பேருக்கும் மாஸ்க். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. ஆக்ஸிமீட்டருக்கு ஒரு செட் பேட்டரி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் அது தீர்ந்துபோகும்.