விதைத்தவன் எங்கே?

2024 நவம்பர் வெள்ளத்திலே கல்முனைக்கு மேற்கேயுள்ள வயல்வட்டைகள் இளம்பயிரோடு நீரில் ஆழ்ந்தன. அழிந்த நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை இழப்பீடு என்றது அரசு. நன்று, ஆயின் அது எவர் கையைச் சேரும்?

விதைத்தவன் பலவிடத்துக் குத்தகைக்காரன். போடியாருக்குப் பணத்தை முன்னரே கொடுத்து, உரத்தைக் கடனுக்கு வாங்கியவன். ஒப்பந்தமோ வாய்ச்சொல், கமநல சேவை நிலையத்துப் பதிவேடோ எழுத்தை மட்டுமே அறியும். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையாளனுக்கு உரிமை தந்தது. அவ்வுரிமைக்கு அஞ்சியே நிலவுடைமையாளர் பலர் அவன் பெயரை எழுத மறுத்தனர். ஆண்டுதோறும் ஆளையும் மாற்றினர். காக்க வந்த சட்டமே அவனைப் பதிவேட்டினின்று விரட்டிய விந்தை இது!

வெள்ளம் காணி உறுதியைப் பார்த்தா பயிரை அழித்தது? எவ்வயலை எவன் விதைத்தான் என்பதை வட்டவிதானை அறிவார். அவர் சாட்சியை ஏற்று, விதைத்தவனிடமே பணத்தை ஒப்படைக்க அதிகாரிகளுக்கு என்ன தடை?